விடிய விடிய ஓட வேண்டிய கேமராவுக்கு எந்தக் கரண்ட் சரி?

தெருக்கூத்தில் களரி கட்டி மத்தளம் அடிக்க ஆரம்பிக்கும்போது இரவு பத்தரை ஆகியிருக்கும். முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் இதுதான் வழக்கம்: பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. ஏழெட்டு மணி நேரம் ஓடும் அந்த ஆட்டத்தை ஒரு நிமிடமும் விடாமல் பதிவு செய்ய நினைப்பவருக்கு முதல் கவலை லென்ஸோ மைக்கோ அல்ல, கேமராவுக்குக் கரண்ட். கேமராவுக்குள் இருக்கும் பேட்டரியால் அது முடியாத காரியம்.

சில வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன். கேனான் 70டி ஒன்று, பிறகு வாங்கிய சோனி இசட்வி-ஈ10 ஒன்று. வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கும் வழிகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் இந்த இரண்டிலும் முயன்று பார்த்துவிட்டேன். எது எங்கே காலை வாரும் என்பதும் ஓரளவு தெரிந்துவிட்டது. கூத்து என்றில்லை, மூன்று மணி நேரக் கச்சேரி, அரங்கேற்றம், கல்யாண முகூர்த்தம், நாள் முழுக்க இடைவெளி விட்டு விட்டுப் படமெடுக்கும் டைம்லாப்ஸ் எதற்கும் இதே கணக்குதான்.

ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டு ஒப்பீட்டுக்கு வருகிறேன். நள்ளிரவு தாண்டிய நேரம். திரைக்குப் பின்னால் துரியோதனன் வந்து நின்றுவிட்டான். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடுகிறது, முகவீணை ஏறிக்கொண்டே போகிறது. 70டி-க்குள் டம்மி பேட்டரி (பேட்டரி வடிவில் உள்ளே போய், வெளியிலிருந்து வயர் வழியாகக் கரண்ட் வாங்கித் தரும் கட்டை), அதன் வயர் முக்காலியின் காலோடு இறங்கி ஒரு பவர் பேங்கில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், "அண்ணா, போன் சார்ஜ் சுத்தமா இல்ல, இதுல போட்டுக்கட்டுமா?" என்றான். போடு தம்பி என்றேன். அவன் இரண்டாவது துளையில் வயரைச் செருகிய அதே நொடியில் கேமரா திரை கறுத்துப்போனது. பவர் பேங்க் கெட்டுப்போகவில்லை, சார்ஜும் தீரவில்லை. புதிதாக ஒரு கருவி சேர்ந்ததும் பல பவர் பேங்குகள் எந்தத் துளைக்கு எவ்வளவு வோல்ட் என்று மறுபடி முதலிலிருந்து பேசி முடிவு செய்யும். அந்த அரை நொடி எல்லாத் துளையிலும் கரண்ட் அறுந்துபோகும். போனுக்கு அது தெரியவே தெரியாது. உள்ளே பேட்டரி இல்லாத கேமராவுக்கு அது மரணம்.

போனது அந்த அரை நொடி மட்டும் என்று நினைத்தால் தவறு. எம்பி4, எம்ஓவி கோப்புகளில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்கிற அட்டவணை, பதிவை நிறுத்தும்போதுதான் முழுமையாக எழுதப்படும். நிறுத்தாமலே கரண்ட் போனால் அதுவரை ஓடிய கோப்பு திறக்காது. 70டி 4 ஜிபி ஆனதும் தானாக அடுத்த கோப்புக்குப் போய்விடும். நான் எடுக்கும் தரத்தில் அது சுமார் 17 நிமிடத்துக்கு ஒரு துண்டு. அதனால் முந்தைய துண்டுகள் பிழைத்தன. கடைசித் துண்டில் இருந்த பதினொரு நிமிடம் போனது. துரியோதனன் திரையை விலக்கிக்கொண்டு வந்த காட்சி அதில் இல்லை, ஏனென்றால் அப்போது நான் கேமராவை மறுபடி ஆன் செய்துகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எந்த வழியைப் பார்த்தாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்கிறேன்: வெளிக் கரண்ட் ஒரு நொடி போனால் இந்தக் கேமரா என்ன ஆகும்? விலை, எடை, எவ்வளவு நேரம் ஓடும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

மிகப் பழைய வழி, கூடுதல் பேட்டரிகள். 70டி-யின் எல்பி-ஈ6 பேட்டரி 7.2 வோல்ட், 1800 எம்ஏஎச், அதாவது 13 வாட்-மணி (ஒரு வாட் வீதம் தின்றால் 13 மணி நேரம் வரும்). வீடியோவில் எனக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் வருகிறது. எட்டு மணி நேரத்துக்கு ஆறு பேட்டரி வேண்டும், ஐந்து முறை மாற்ற வேண்டும். மாற்றும் ஒவ்வொரு முறையும் பதிவு நிற்கும். ஆனால் எப்போது நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது. கட்டியங்காரன் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கும்போது மாற்றாமல், ஒரு வேஷம் உள்ளே போய் அடுத்தது வருவதற்குள் மாற்றலாம். கோப்பு கெடாது, வயர் கிடையாது, யாரும் தடுக்கி விழமாட்டார்கள். கல்யாணத்தில் தோளில் கேமராவோடு நடப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. முக்காலியில் நிற்கும் சிறிய கேமராவுக்கு ஒரு இடைஞ்சல் உண்டு: முக்காலித் தட்டு பேட்டரிக் கதவை மறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கேமராவைக் கழற்றி மாட்டினால் சட்டகம் மாறிவிடும். வாங்கும் முன் தட்டை மாட்டிக் கதவைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது, சுவர்க் கரண்ட். கேமரா கம்பெனிகளே இதற்கான அடாப்டரும், பேட்டரி வடிவில் உள்ளே போகும் கப்ளரும் விற்கின்றன. எல்பி-ஈ6 இடத்துக்குக் கேனானின் டிஆர்-ஈ6, நிக்கானில் ஈஎச்-5 அடாப்டரோடு ஈபி-5ஏ அல்லது ஈபி-5பி, சோனியின் என்பி-எஃப்டபிள்யூ50 பேட்டரி இடத்துக்கு ஏசி-பிடபிள்யூ20. ஸ்டுடியோவில், வீட்டில், பொருள்களைப் படமெடுக்கும் மேசையில் இது அருமையான வழி. நாள் முழுக்க ஓடும். பேட்டரியைப் போல வோல்ட் மெல்ல இறங்காது.

கோயில் திடலில் நிலைமை வேறு. அங்கே கரண்ட் என்பது மைக்செட்காரர் இழுத்துவைத்திருக்கும் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். ஈ.பி. போய் ஜெனரேட்டர் ஏறுவதற்குள் சில நொடிகள் போய்விடும். அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்பதால் வோல்ட் ஏறி இறங்குவது பெரிய பிரச்சினை இல்லை. அறுந்து வருவதுதான் பிரச்சினை. உள்ளே பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் கப்ளர் உட்கார்ந்திருப்பதால் கேமராவுக்குத் துணை யாருமில்லை. வீட்டு இன்வர்ட்டரிலும் இதைக் கவனியுங்கள். சில இன்வர்ட்டர்களில் யூபிஎஸ் என்றொரு நிலை உண்டு, அதில் மாறும் நேரம் குறைவு. சாதாரண நிலையில் விளக்கு ஒரு முறை கண் சிமிட்டும், அந்தச் சிமிட்டலே கேமராவை அணைக்கப் போதும்.

சுவர்க் கரண்டில் இன்னொரு தொல்லை சத்தம். மைக்செட்டின் மிக்ஸரிலிருந்து ஒரு லைன் வாங்கிக் கேமராவில் செருகியிருப்போம். கேமராவும் மிக்ஸரும் ஒரே மின்சாரத்தில் இருந்தால் பல நேரம் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் அடியில் ஓடும். ஹெட்போனில் கேட்டபடி அடாப்டரைப் பிடுங்கிப் பேட்டரியைப் போடுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அடாப்டர்தான், மைக் வயரை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மிக்ஸருக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். கேமராவைப் பேட்டரிக்கு மாற்றிவிடுவது அதைவிட எளிது.

மலிவான அடாப்டர் வாங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பிளக் முனையின் வடிவம் ஒன்றாக இருப்பதாலேயே வோல்ட் ஒன்றாக இருக்காது. நிக்கானின் ஈஎச்-5 தருவது 9 வோல்ட், சோனியின் ஏசி-பிடபிள்யூ20 தருவது 7.6 வோல்ட். ஒன்றை எடுத்து இன்னொன்றில் செருகிப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். அப்புறம், வட்டப் பின்னில் வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்று இருந்தாலும் உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு அளவு உண்டு. 2.1 ஊசி உள்ள இடத்தில் 2.5 துளைப் பின்னைச் செருகினால் அழகாக உள்ளே போகும், விளக்கும் எரியும். வயர் கொஞ்சம் அசைந்தால் போய்விடும். கேமராவை எத்தனை முறை சர்வீஸுக்குக் கொடுத்தாலும் இது சரியாகாது. இந்தியாவில் விற்கும் அடாப்டருக்கும் பவர் பேங்குக்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஆர் என்று தொடங்கும் பதிவு எண் பொருளின் மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது பலரும் போகும் வழி, டம்மி பேட்டரியோடு பவர் பேங்க். இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் மாட்டினேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டம்மி பேட்டரியில் இரண்டு சாதி உண்டு. ஒன்று பழைய செவ்வக யூஎஸ்பி-ஏ முனை உள்ளது. பவர் பேங்கின் 5 வோல்ட்டை வயரின் நடுவில் இருக்கும் சின்னப் பெட்டி 8 வோல்ட்டாக உயர்த்தும். இன்னொன்று டைப்-சி முனை உள்ளது. பிடி என்கிற பவர் டெலிவரி முறையில் பவர் பேங்கிடம் 9 வோல்ட்டைக் கேட்டு வாங்கிக் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கும். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது, வேலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70டி வீடியோவில் தின்பது 8 முதல் 10 வாட். 10 வாட்டை 5 வோல்ட்டில் இழுக்க 2 ஆம்பியர் வேண்டும், மாற்றும் பெட்டியின் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூட. 9 வோல்ட்டில் இழுக்க 1.1 ஆம்பியர் போதும். இப்போது வயரைப் பாருங்கள். மலிவு வயருக்குள் இருப்பது பெரும்பாலும் 28 கேஜ் செம்பு (கேஜ் எண் கூடக் கூட வயர் ஒல்லி). மீட்டருக்கு 0.21 ஓம். இரண்டு மீட்டர் வயர் என்றால் போக வர நான்கு மீட்டர், 0.85 ஓம். அதில் 2 ஆம்பியர் ஓடினால் 1.7 வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும். கிளம்பிய 5 வோல்ட், பெட்டிக்கு 3.3 வோல்ட்டாகப் போய்ச் சேரும், அதற்கு மேல் அந்தப் பெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது. அதே நீளத்தில் 20 கேஜ் வயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் முடிந்துவிடும். "சும்மா ஆன் பண்ணா ஓடுது, ஃபோகஸ் பண்ணா ஆஃப் ஆயிடுது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் வயரைத்தான் கேட்பேன். ஃபோகஸ் மோட்டார் சுழலும்போதும் ஷட்டர் அடிக்கும்போதும் கேமரா ஒரு நொடி கூடுதலாக இழுக்கும், ஒல்லி வயர் அங்கே தோற்றுவிடும். சுவரில் மாட்டிய நிலையிலேயே கேமரா திரையில் பேட்டரிக் குறி சிவப்பில் மின்னினாலும் அர்த்தம் இதுதான்: வோல்ட் விழுகிறது.

நேர் எதிரான கோளாறும் உண்டு. டைம்லாப்ஸில் இரண்டு படத்துக்கு நடுவே கேமரா தூங்கும்போது மிகக் குறைவாகவே இழுக்கும். ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தன்னையே அணைத்துக்கொள்ளும். குறைந்த கரண்டிலும் அணையாத தனி நிலை சில பவர் பேங்குகளில் இருக்கிறது. இல்லாவிட்டால் கேமராவைத் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

கொள்ளளவிலும் ஏமாறக் கூடாது. 20,000 எம்ஏஎச் என்பது உள்ளிருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. வாட்-மணியில் 74. மாற்றும் இழப்பு போகக் கைக்கு வருவது 60-ஐ ஒட்டி. 10 வாட் கேமராவுக்கு ஆறு மணி நேரம். விடியும் வரை வராது, அர்ச்சுனன் தபசு மரத்தில் பாதி ஏறியிருக்கும்போது நின்றுவிடும். பவர் பேங்கைச் சுவரில் சார்ஜ் போட்டுக்கொண்டே கேமராவுக்கும் கொடுக்கலாமே என்று தோன்றும். சில பவர் பேங்குகள் ஒழுங்காகச் செய்யும். சிலவற்றில் சுவர்ப் பிளக்கைப் பிடுங்கிய நொடியில் வெளியே போகும் கரண்டும் ஒரு கணம் அறுந்துவிடும். வீட்டிலேயே பத்து முறை பிடுங்கிச் செருகிப் பார்த்துவிட வேண்டும். கேமரா பத்து முறையும் பிழைத்தால்தான் அந்தப் பவர் பேங்க் என் பையில் ஏறும்.

70டி போன்ற பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு: என்பி-எஃப் பேட்டரி மாட்டும் தட்டு. என்பி-எஃப்970 என்பது சோனியின் பழைய வீடியோ கேமராக்களுக்கு வந்த பெரிய பேட்டரி. 7.2 வோல்ட், 47 வாட்-மணி. கல்யாண வீடியோகாரர்களிடம் எல்இடி விளக்குக்காக எப்படியும் நாலைந்து இருக்கும், அவசரத்துக்குக் கேட்டு வாங்கலாம். கேமரா பேட்டரியைப் போலவே இரண்டு லித்தியம் செல் வரிசை என்பதால் வோல்ட்டைத் தாறுமாறாக ஏற்றி இறக்க வேண்டியதில்லை. கருவிகளுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது, தானாக அணையும் புத்திசாலித்தனமும் கிடையாது. இரண்டு பேட்டரி மாட்டும் தட்டாக வாங்கினால் ஒன்று ஓடும்போதே மற்றதை மாற்றலாம். மூன்று பேட்டரி, ஓர் இரவு, ஒரு முறைகூட கேமரா அணையவில்லை. துரியோதனன் சம்பவத்துக்குப் பிறகு 70டி-யில் எனக்கு இதுதான். எடை கூடுதல், அது முக்காலிக்குப் போகட்டும். பெரிய வி-மவுண்ட் பேட்டரியும் இதே வேலையைச் செய்யும். ஆனால் கரண்ட் எடுக்க அதில் இருக்கும் டி-டேப் என்கிற முனையில் முழுச் சார்ஜில் வருவது 16.8 வோல்ட். நடுவில் வோல்ட்டை இறக்கும் பெட்டி இல்லாத டம்மி பேட்டரியை அதில் செருகினால் கேமரா வெந்துவிடும். விளக்கும் மானிட்டரும் சேர்த்து ஓட்ட வேண்டியவருக்கு மட்டும்தான் வி-மவுண்ட் தேவை.

கடைசியாக, கேமராவின் யூஎஸ்பி துளை வழியாக நேரே கொடுப்பது. முடிகிற கேமரா உங்களிடம் இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் ஒன்றே ஒன்று: பேட்டரி உள்ளேயே இருக்கிறது. சொல்லப்போனால் இருந்தே ஆக வேண்டும், பேட்டரி இல்லாமல் இந்த வழி வேலை செய்யாது. வெளிக் கரண்ட் அறுந்தால் கேமரா சத்தமில்லாமல் உள் பேட்டரிக்குப் போய்விடும், பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். இசட்வி-ஈ10-இல் வயரை நானே வேண்டுமென்றே பிடுங்கிப் பார்த்திருக்கிறேன். திரையில் குறி மட்டும் மாறும். அந்தப் பையன் இன்று வந்து போனை மாட்டினாலும் ஒன்றும் ஆகாது.

முடிகிற கேமராவா என்று மட்டும் நன்றாக விசாரியுங்கள். யூஎஸ்பியில் சார்ஜ் ஆவதும் யூஎஸ்பியில் ஓடுவதும் வேறு வேறு. சோனி ஏ6000, நிக்கானின் முதல் இசட்6, இசட்7 எல்லாம் அணைந்திருக்கும்போது சார்ஜ் மட்டும் ஏற்றிக்கொள்ளும். நிக்கான் இசட்5, இசட்6-2, இசட்7-2 ஓடிக்கொண்டே வாங்கிக்கொள்ளும். கேனான் ஆர்5, ஆர்6 வாங்கிக்கொள்ளும், ஆனால் பிடி உள்ள சார்ஜரும் இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள வயரும் வேண்டும். போனோடு வந்த சாதாரண வயரைச் செருகிவிட்டுக் கேமரா கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. சோனியில் மெனுவுக்குள் யூஎஸ்பி பவர் சப்ளை என்பதை ஆன் செய்திருக்க வேண்டும். இந்த வழியின் பலவீனம் அந்தச் சின்னத் துளைதான். கூட்டத்தில் ஒரு கால் வயரில் மாட்டினால் துளையே பெயர்ந்துவிடும். வயரை முதலில் முக்காலியில் கட்டி, அங்கிருந்து கேமராவுக்குத் தொய்வாக ஒரு வளையம் விடுங்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு நாள் கேமரா அணையும். அப்போது எங்கே தேடுவது? முதலில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கம்பெனி பேட்டரியைப் போடுங்கள். ஓடினால் கேமராமேல் குற்றமில்லை. அதிலும் அணைந்தால் மெனுவில் ஆட்டோ பவர் ஆஃப் எத்தனை நிமிடத்தில் இருக்கிறது என்று பாருங்கள், பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். 70டி போன்றவை 29 நிமிடம் 59 நொடியில் பதிவைத் தாமாக நிறுத்தும், அது கரண்ட் கோளாறே இல்லை, மறுபடி பட்டனை அழுத்த வேண்டும். சோனியில் சூட்டினால் அணைவதாக இருந்தால், வெப்பத்தில் அணையும் எல்லையை உயர்த்தும் அமைப்பு மெனுவிலேயே இருக்கிறது.

டம்மி பேட்டரி போட்டால் மட்டும் ஆன் ஆகவில்லையா? கதவைப் பாருங்கள். கதவு முழுதாக மூடியிருக்கிறதா என்று சொல்ல உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. வயர் வெளியே வர ரப்பர் மூடி போட்ட ஒரு பள்ளம் இருக்கும், அதில் வயரைப் படியவிடாமல் கதவை மூடினால் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். மேலே பார்த்தால் மூடியது போலவே தெரியும். சில கேமராக்கள் பேட்டரியில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று திரையில் கேட்கும். டம்மிக்குள் அடையாளச் சில்லு இல்லை என்று அர்த்தம். ஆம் என்று கொடுத்தால் சில ஓடும், சில ஓடாது. அதனால் சில்லு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

இதிலும் பிடிபடாவிட்டால் மல்டிமீட்டர். சும்மா இருக்கும்போது அளந்து பயனில்லை, எல்லா அடாப்டரும் சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட்தான் காட்டும். கேமரா பதிவில் ஓடும்போது வயரின் கேமராப் பக்க முனையில் அளக்க வேண்டும். அதற்காகவே முனையில் இரண்டு சின்னக் கம்பி வெளியே தெரியும்படி சால்டர் செய்த ஒரு துண்டு வயர் என்னிடம் உண்டு. அதில் 7.4-க்கு மேல் நின்றால் நிம்மதி. ஃபோகஸ் செய்யும்போது 6.5-க்குக் கீழே போனால் அந்த வயரையோ அடாப்டரையோ அன்றே மாற்றிவிடுவேன்.

இந்த ஆடி மாதம் கூத்துக்குப் போனபோது ஏற்பாடு இப்படி இருந்தது: நடுவில் இசட்வி-ஈ10, உள்ளே முழு பேட்டரி, டைப்-சி வழியாகப் பவர் பேங்க், அதன் இரண்டாவது துளை கறுப்பு டேப் ஒட்டி மூடியது. ஓரத்தில் 70டி, என்பி-எஃப் தட்டோடு. போன் சார்ஜுக்கென்று தனியாக ஒரு சின்னப் பவர் பேங்க் பையின் வெளிப்பக்கத்தில். இரவு ஒன்றரைக்கு ஈ.பி. போனது. விளக்கெல்லாம் அணைந்து, ஜெனரேட்டர் ஏறும் வரை இருட்டு. இருட்டிலும் மத்தளக்காரர் நிறுத்தவில்லை. ஆடிக்கொண்டிருந்தவரின் சலங்கையும் நிற்கவில்லை. இரண்டு கேமராவிலும் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சில நொடிச் சலங்கை, படம் முழுக் கறுப்பாக இருந்தாலும், பதிவில் முழுசாக இருக்கிறது.